புது ஊர் வெயிலும் குழந்தையின் உடலும்

பம்பாயில் 1865-ஆம் ஆண்டின் இறுதியில் ஓர் ஆங்கிலக் குடும்பத்தில் ஆண் குழந்தை ஒன்று பிறந்தது. ஆயாவின் கைப்பிடித்து வளர்ந்த அக்குழந்தைக்கு ஆங்கிலத்தைவிட இந்துஸ்தானியே நன்றாகப் பேச வந்தது. இரண்டு வயது கடந்திருந்தபோது, 1868-இல், தாய் அவனை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார். அங்கே இருண்டு குளிர்ந்த ஓர் அறையில், சுவரை ஒட்டிய கணப்பில் ஒரு பெண் தீ மூட்டினாள். அதைக் கண்டதும் குழந்தை அச்சத்தால் வீறிட்டு அழுதான். குளிர் காய்வதற்காக வீட்டுச் சுவருக்குள் தீ வளர்ப்பதை அவன் அதற்கு முன் பார்த்ததே இல்லை!

அக்குழந்தைதான் பிற்காலத்தில் புகழ்பெற்ற எழுத்தாளரான ரட்யார்ட் கிப்ளிங். அவர் மறைந்தபின் 1937-இல் வெளியான வாழ்க்கை நினைவுகளில் இந்நிகழ்ச்சியைக் குறிப்பிட்டிருக்கிறார். 1871-இல் அவரும் மூன்று வயதுத் தங்கையும் மீண்டும் இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். சவுத்சீ என்னும் கடற்கரை ஊரில் முன்பின் அறியாதவர் வீட்டில் அவர்களை விட்டுவிட்டுப் பெற்றோர் இந்தியா திரும்பினர். அங்கே கழிந்த ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் கிப்ளிங்கின் நினைவில் ஆறாத புண்ணாகவே இருந்தன.

பெற்றோர் கொடியவர் அல்லர். அக்காலத்தில் இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலக் குடும்பங்களில் வசதி படைத்தோர் எல்லோரும் செய்ததையே அவர்களும் செய்தனர். ஆங்கிலப் பள்ளிப் படிப்பும் பழக்கவழக்கங்களும் வேண்டும் என்பது ஒரு காரணம். இந்திய வெயிலில் வெள்ளைக் குழந்தை தேறாது என்பது மற்றொரு காரணம். இந்த இரண்டாம் காரணம் எவ்வளவு உண்மை? தொலைதூர நாட்டுக்குப் போகும் குழந்தையின் உடல் அந்நாட்டின் தட்பவெப்பத்தை எவ்வாறு ஏற்றுக்கொள்கிறது? இக்கேள்விக்கு விடை தேடிய கதை சுவையானது. அதில் மருத்துவமும் இயற்பியலும் கலந்துள்ளன. பேரரசுகளின் ஆசைகளும் கலந்துள்ளன.

வெயிலைக் கண்டு அஞ்சியவர்கள்

வெப்ப நாடுகளின் தட்பவெப்பம் ஐரோப்பியர் உடலை எவ்வாறு பாதிக்கிறது என்பது பற்றி ஜேம்ஸ் ஜான்சன் என்ற மருத்துவர் 1813-இல் ஒரு நூல் வெளியிட்டார். கல்கத்தாவில் பணியாற்றிய ஜேம்ஸ் ரனால்டு மார்ட்டின் 1841-இல் அதனை விரிவுபடுத்தினார். இந்தியாவுக்கு வந்த ஆங்கிலேயர் பலரும் கையில் வைத்திருந்த நூல் இது. ஒரு நாட்டுச் செடியை வேறு மண்ணில் நட்டால் வாடுவதுபோல, ஐரோப்பியர் குலமும் இந்திய மண்ணில் வாடும். மூன்றாம் தலைமுறை தலையெடுக்காது என்ற எண்ணம் அன்று வேரூன்றியிருந்தது. ஐந்து, ஆறு வயதுவரை குழந்தை தாக்குப்பிடிக்கும். அதற்குமேல் வெளிறி மெலிந்துவிடும் என்றும் நம்பினர்.

கப்பல் கட்டணம் கொடுக்க வழியில்லாத படைவீரர்களின் குழந்தைகளுக்கு மலைகளே இங்கிலாந்து ஆயின. ஹென்றி லாரன்ஸ் என்பவர் 1847-இல் இமயமலைச் சாரலில் சனாவர் என்ற இடத்தில் அவர்களுக்காக ஒரு பள்ளி நிறுவினார. நம் நீலகிரியில் உதகைக்கு அருகே லவ்டேலில் இன்றும் நடைபெறும் லாரன்ஸ் பள்ளி 1858-இல் இவ்வழியில் தோன்றியதே.

குழந்தைகள் இறந்தது உண்மை, படைவீரர்களும் இறந்தனர். இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் படையின் சுகாதார நிலையை ஆராய்ந்த அரச ஆணையம் 1863-இல் அறிக்கை அளித்தது. ஆண்டுதோறும் 1,000 வீரர்களில் சராசரியாக 69 பேர் இறந்துவந்தனர் என்று அது கண்டது. ஆனால் அவர்களைக் கொன்றவை காலரா, சீதபேதி, காய்ச்சல் முதலிய நோய்கள். பாசறைகளின் குடிநீரும் கழிவுநீர் வடிகாலும் சீரடையத் தொடங்கிய பத்தே ஆண்டுகளில், 1873-இல், இந்த எண் 18 ஆகக் குறைந்துவிட்டது என்று பிளாரன்ஸ் நைட்டிங்கேல் எழுதினார். அந்தப் பத்தாண்டுகளில் இந்தியாவின் வெயில் தணிந்துவிடவில்லை. மாறியவை கிணறும் சாக்கடையும்தான். மலேரியாவைக் கொசு சுமக்கிறது என்பதை 1897-இல் சிகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் கண்டறிந்தபோது, தட்பவெப்பத்தின்மேல் சுமத்தப்பட்ட மற்றொரு பழியும் விலகியது.

அப்படியானால் வெப்பம் ஒன்றுமே செய்வதில்லையா? செய்கிறது. அதைப் புரிந்துகொள்ள இன்னும் நூறு ஆண்டு பின்னோக்கிச் செல்லவேண்டும்.

இலண்டனில் ஒரு சூடான அறை

1774-ஆம் ஆண்டில் இலண்டனில் ஜார்ஜ் பார்டைஸ் என்ற மருத்துவர் மிகையாகச் சூடேற்றக்கூடிய ஓர் அறையை அமைத்தார். சார்லஸ் பிளாக்டன் என்ற இளம் மருத்துவரும், காப்டன் குக்குடன் உலகைச் சுற்றி வந்த ஜோசப் பாங்க்ஸ், சொலாண்டர் ஆகியோரும் அதற்குள் நுழைந்தனர். அறையின் வெப்பநிலை படிப்படியாக 260 பாரன்ஹீட் பாகைவரை உயர்த்தப்பட்டது. இது 127 செல்சியஸ் பாகைக்குச் சமம். நீரின் கொதிநிலையைவிட 27 பாகை மிகுதி! பிளாக்டன் அதில் எட்டு நிமிடம் நின்றார். அவருடைய உடலின் வெப்பநிலையில் குறிப்பிடத்தக்க மாறுதல் இல்லை. அதே அறையில் வைத்த முட்டைகள் 20 நிமிடத்தில் கெட்டியாக வெந்துவிட்டன. மாட்டிறைச்சித் துண்டு ஒன்று முக்கால் மணி நேரத்தில் வெந்ததோடு, ஈரம் வற்றி உலர்ந்தும் போயிற்று.

இறைச்சி வேகும் அறையில் மனிதன் ஏன் வேகவில்லை? பிளாக்டன் இரண்டு பாத்திரங்களில் நீரை வைத்துப் பார்த்தார். ஒன்றில் நீர் திறந்திருந்தது; மற்றொன்றில் நீரின்மேல் எண்ணெய் படர்ந்திருந்தது. எண்ணெய் மூடிய நீர் கொதித்தது. திறந்த நீரோ கொதிநிலையை எட்டவே இல்லை. காரணம், திறந்த நீர் ஆவியாகிக்கொண்டே இருந்தது. ஆவியாதல் அதன் வெப்பத்தைக் கவர்ந்து சென்றது. மனிதனின் தோலிலும் இதுவே நிகழ்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதனால்தான் என்பதை மாணவர்கள் அறிவார்கள். இந்த ஆய்வை 1775-இல் பிளாக்டன் இராயல் கழகத்தின் இதழில் வெளியிட்டார்.

ஒரு சிறு கணக்கு

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் சும்மா உட்கார்ந்திருந்தாலும் அவர் உடலில் மணிக்கு ஏறத்தாழ 60 கிலோ கலோரி வெப்பம் உண்டாகிறது. உடலின் வெப்பநிலையை 1 செல்சியஸ் பாகை உயர்த்தச் சுமார் 50 கிலோ கலோரி போதும். ஆகவே இந்த வெப்பம் வெளியேற வழியே இல்லையென்றால் உடல் மணிக்கு 1 பாகைக்கும் மேல் சூடேறும். மூன்று நான்கு மணி நேரத்தில் உயிருக்கு ஆபத்து.

தோலின் வெப்பநிலையில் 1 கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி தேவை. எனவே 100 கிராம் வியர்வை முழுவதும் ஆவியானால் அந்த ஒரு மணி நேர வெப்பம் நீங்கிவிடும். அதாவது அரை டம்ளர் நீர் ஓர் உயிரைக் காக்கிறது! ஆனால் வியர்வை சொட்டிக் கீழே விழுந்தால் பயனில்லை. தோலிலிருந்தே அது ஆவியாக வேண்டும். காற்றில் ஈரப்பதம் மிகுந்த கடற்கரை ஊர்களில் புழுக்கம் வாட்டுவது இதனால்தான்.

குழந்தையின் நிலை சற்று வேறு. 10 கிலோகிராம் எடையுள்ள குழந்தைக்கு ஒவ்வொரு கிலோகிராமுக்கும் ஏறத்தாழ 480 சதுர செ.மீ. தோல் உள்ளது; பெரியவருக்கோ 275 சதுர செ.மீ. தான். எனவே தோலைவிடக் காற்று சூடாக இருந்தால் குழந்தை விரைவில் சூடேறும். குளிராக இருந்தால் விரைவில் குளிர்ந்துபோகும். பச்சிளங் குழந்தைக்கு வியர்க்கும் ஆற்றலும் முதல் நாட்களில் குறைவு. ஆகவே குழந்தைகளைப் பற்றி அன்றைய ஆங்கிலத் தாய்மார் கவலைப்பட்டதில் ஓரளவு நியாயம் இருந்தது. ஆனால் அவர்கள் அறியாத மற்றொரு பக்கமும் உண்டு.

பெரியவர் உடல் பழகும் விதம்

முதலில் பெரியவரைப் பார்ப்போம். தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் தங்கச் சுரங்கங்களில் 1920-களில் தொழிலாளர் சிலர் வெப்பத் தாக்குதலால் சுருண்டு விழுந்து இறந்தனர். ஆழம் கூடக்கூடப் பாறையின் வெப்பம் கூடும். தூசியை அடக்க நீர் தெளித்ததால் ஈரப்பதமும் கூடியது. இறந்தவர்களில் பலர் புதிதாக வேலைக்கு வந்தவர்கள். 1930-களில் டிரியோஸ்டி என்ற மருத்துவர், புதிய தொழிலாளரை நேரே ஆழத்துக்கு அனுப்பாமல், வெப்பத்தில் சிறிது சிறிதாக வேலை செய்யவைத்துப் பழக்கும் முறையை வகுத்தார். இறப்புகள் குறைந்தன.

வெப்பத்தில் நாள்தோறும் உழைப்பவருக்குப் பத்து முதல் பதினான்கு நாட்களில் பெரும்பாலான மாறுதல்கள் ஏற்பட்டுவிடுகின்றன. இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுகிறது. இதயம் முன்போலப் படபடப்பதில்லை. வியர்வை விரைவிலேயே தொடங்குகிறது. அதில் வீணாகும் உப்பு குறைகிறது. ஆயினும் இது இரவல் சட்டை போன்றது. குளிர்ந்த ஊருக்குத் திரும்பிய சில வாரங்களில் உடல் இதைக் கழற்றிவிடுகிறது. இளங் குழந்தையிலோ இதைவிட ஆழமான ஒன்று நிகழ்கிறது என்பதை எடுத்துக்காட்டியவர் ஒரு ஜப்பானியர்.

கூனோ எண்ணிய புள்ளிகள்

யாஸ் கூனோ (1882 - 1977) என்ற உடலியல் அறிஞர் மஞ்சூரியாவில் முக்டன் நகர மருத்துவக் கல்லூரியில் நெடுங்காலம் பேராசிரியராக இருந்தார். இன்று அந்நகரின் பெயர் ஷென்யாங். மாரிக்காலத்தில் எல்லாம் உறைந்துபோகும் அந்த ஊரில் இருந்துகொண்டு அவர் ஆராய்ந்த பொருள் வியர்வை! 1934-இல் இலண்டனில் வெளியான அவருடைய நூல் இத்துறையின் அடிப்படை நூலாகக் கருதப்பட்டது. 1956-இல் அமெரிக்காவில் அதன் விரிவான வடிவம் வெளிவந்தது.

அக்காலத்தில் ஜப்பானின் ஆட்சி பல திசைகளில் பரவியிருந்தது. தைவான் 1895 முதல் 1945 வரை அதன் கையில் இருந்தது. பிலிப்பைன்ஸ் தீவுகளில் தாவோ என்ற இடத்தில் நார்ப் பயிர்த் தோட்டங்களில் ஜப்பானியர் குடியேறியிருந்தனர். யார் எந்த நாட்டில் வாழ முடியும் என்ற கேள்வி ஆங்கிலேயருக்கு எழுந்ததுபோலவே ஜப்பானியருக்கும் எழுந்தது. கூனோவும் அவருடைய துணைவர்களும் இதற்கு ஒரு புதிய வழியில் விடை தேடினர். உழைக்கும் வியர்வைச் சுரப்பிகளை எண்ணுவதே அந்த வழி.

எண்ணும் முறை பள்ளி மாணவர் அறிந்த ஒரு வேதியியல் உண்மையைச் சார்ந்தது. மாவுச்சத்துடன் அயோடின் சேர்ந்தால் கருநீல நிறம் தோன்றும். அதற்கு ஈரம் வேண்டும். தோலில் அயோடின் கரைசலைத் தடவி உலரவிட்டு, மேலே மாவுத் தூளைத் தூவிவிட்டு, உடலைச் சூடேற்றினால், வியர்வை கசியும் ஒவ்வொரு துளையிலும் ஒரு கரும்புள்ளி தோன்றும். மாஸ்கோவைச் சேர்ந்த மைனர் என்ற நரம்பியல் மருத்துவர் 1920-களில் இம்முறையை வகுத்தார். புள்ளிகளை எண்ணினால் உழைக்கும் சுரப்பிகளின் எண்ணிக்கை கிடைக்கும்.

ஜப்பானின் வடகோடியில் வாழும் அய்னு மக்களின் உடல் முழுவதிலும் உழைக்கும் சுரப்பிகள் சராசரியாக 14 லட்சம் என்று கணக்கிடப்பட்டது. ரஷ்யர்களுக்கு 19 லட்சம். ஜப்பானியருக்கு 23 லட்சம். சயாம் நாட்டவருக்கு 24 லட்சம். பிலிப்பைன்ஸ் மக்களுக்கு 28 லட்சம். ஊர் சூடாகச் சூடாக எண்ணிக்கை ஏறுகிறது!

இதைமட்டும் பார்த்தால், இது பிறவியிலேயே குருதியில் வந்த வேற்றுமை என்று சொல்லிவிடலாம். இனத்துக்கு இனம் உடல் வேறு என்று வாதிட்டவர்களுக்கு இது இனித்திருக்கும். ஆனால் கூனோ அங்கே நிற்கவில்லை. வெப்ப நாட்டுக்குப் போன ஜப்பானியரை இரு பிரிவாகப் பிரித்துப் பார்த்தார். வளர்ந்தபின் போனவர்களின் எண்ணிக்கை, பல ஆண்டுகள் அங்கே வாழ்ந்தபின்னும், தாய்நாட்டு ஜப்பானியருடைய எண்ணிக்கையாகவே இருந்தது. வெப்ப நாட்டிலேயே பிறந்து வளர்ந்த ஜப்பானியப் பிள்ளைகளின் எண்ணிக்கையோ அந்நாட்டு மக்களின் எண்ணிக்கையை நெருங்கியிருந்தது. பெற்றோர் ஒருவரே, குருதி ஒன்றே. வேறுபட்டது குழந்தைப் பருவத்தின் வெயில்!

இதற்குக் கூனோ தந்த விளக்கம் இது: வியர்வைச் சுரப்பிகள் எல்லாம் குழந்தை பிறக்கும் முன்பே அமைந்துவிடுகின்றன, பின்னர் புதியவை தோன்றுவதில்லை. ஆனால் அவை எல்லாம் வேலைக்கு வருவதில்லை. பிறந்து இரண்டு, இரண்டரை ஆண்டுகளுக்குள் எவை உழைக்கப் பழகுகின்றனவோ அவையே வாழ்நாள் முழுவதும் உழைக்கும். மற்றவை உறங்கியே கிடக்கும். அந்த வயதுக்குமுன் வெப்ப நாட்டுக்கு வந்த குழந்தை அந்த நாட்டு உடலைப் பெறுகிறது. அதற்குப்பின் வருபவர் இருக்கும் சுரப்பிகளையே கூடுதலாக வேலை வாங்கிச் சமாளிக்கிறார்.

கூனோவின் முடிவை எல்லை கடந்து நீட்டக்கூடாது. ஒவ்வொரு பிரிவிலும் அவர் ஆராய்ந்தவர்கள் பத்துப் பேர் அளவில்தான். பரம்பரைக்கும் இதில் பங்குண்டு. கிழக்காசிய மக்களிடம் பரவலாக உள்ள ஒரு மரபணு வடிவம் சுரப்பிகளின் எண்ணிக்கையைச் சற்று உயர்த்துகிறது என்று 2013-இல் ஓர் ஆய்வு காட்டியது. சுரப்பி மிகுந்தால் வியர்வையும் ஆறாக ஓடும் என்று எண்ணுவதும் தவறு. வெப்ப நாட்டிலேயே வளர்ந்தவர்களுக்கு வியர்வை தாமதமாகவே தொடங்குகிறது. அளவும் குறைவு என்று பிந்தைய ஆய்வுகள் கண்டுள்ளன. வடிந்து வீணாகாமல் தோலில் மெல்லிய படலமாகப் பரவி ஆவியாவதே சிக்கனமான வழி அல்லவா?

மலைமேல் குழந்தைகள்

குழந்தைப் பருவத்தில் உடல் ஊரை ஏற்றுக்கொள்வதற்கு வியர்வையைவிட உறுதியான சான்று தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் கிடைத்தது. அங்கே சிக்கல் வெப்பம் அன்று, காற்றின் மென்மை.

வெள்ளிச் சுரங்கத்துக்காக ஸ்பானியர் 1545-இல் ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்தில் போட்டோசி நகரை நிறுவினர். அங்கே காற்றழுத்தம் பாதரச அளவில் 460 மி.மீ. தான், கடல் மட்டத்திலோ 760 மி.மீ. மூச்சுக்கு மூச்சு கிடைக்கும் ஆக்சிஜன் அந்த அளவுக்குக் குறைவு. ஸ்பானியப் பெண்கள் பேறுகாலத்தில் தாழ்ந்த பள்ளத்தாக்குகளுக்கு இறங்கிச் சென்றனர் என்றும், அந்நகரிலேயே பிறந்து பிழைத்த முதல் ஸ்பானியக் குழந்தைக்காக 53 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது என்றும் கலாஞ்சா என்ற பாதிரியார் 17-ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்தார். அதே நகரில் மண்ணின் மக்களாகிய இந்தியர்கள் இயல்பாகப் பிள்ளை பெற்று வளர்த்துவந்தனர்.

பெரு நாட்டில் 3,400 மீட்டர் உயரத்திலுள்ள குஸ்கோ நகரில் ராபர்ட்டோ பிரிசாஞ்சோ என்ற மானிடவியல் அறிஞர் செய்த ஆய்வு 1973-இல் வெளியாயிற்று. கடலோரத்திலிருந்து சிறுவயதில் மலைக்குக் குடிவந்தவர்கள், கடும் உழைப்பின்போது ஆக்சிஜனைப் பயன்படுத்தும் ஆற்றலில் மலையிலேயே பிறந்தவர்களுக்கு இணையாக இருந்தனர். வளர்ந்தபின் வந்தவர்களோ பின்தங்கியே இருந்தனர். வளரும் நுரையீரல் மெல்லிய காற்றுக்கு ஏற்ப வளர்கிறது. வளர்ந்து முடிந்த நுரையீரலுக்கு அந்த வாய்ப்பு இல்லை. கூனோ தோலில் கண்டதையே பிரிசாஞ்சோ மார்பில் கண்டார் எனலாம். வேற்றுமை ஒன்று உண்டு. வியர்வைச் சுரப்பிக்குக் காலக்கெடு இரண்டரை வயது. மூச்சுக்கோ வளர்ச்சிப் பருவம் முழுவதும்.

நமக்கு என்ன பாடம்?

ஆங்கிலேயர் குழந்தையின் உடலைத் தவறாகக் கணித்தனர். அதனைப் பெயர்த்து நட்டால் வாடும் செடி என்றனர். உண்மையில் பெரியவரைவிடக் குழந்தையே புதிய ஊரை ஆழமாக ஏற்றுக்கொள்ளும் உடல் படைத்தது. குழந்தைகளைக் கொன்ற அழுக்கு நீரை விட்டுவிட்டு வெயிலின்மேல் பழி போட்டதால், இரண்டு மூன்று தலைமுறைக் குழந்தைகள் தாய் தந்தையரைப் பிரிந்து வளர்ந்தனர்.

இதனால் குழந்தையை வெயிலில் விட்டால் தானே பழகிவிடும் என்று பொருள் கொள்ளலாகாது. உடல் ஊரை ஏற்றுக்கொள்ளச் சில ஆண்டுகள் வேண்டும். வெப்பத் தாக்குதலுக்கோ ஒரு பிற்பகல் போதும். குளிர்ந்த ஊரிலிருந்து கோடையில் வந்திறங்கும் குழந்தைக்கு முதல் இரண்டு வாரம் நிழலும் அடிக்கடி குடிநீரும் மெல்லிய பருத்தி உடையும் இன்றியமையாதவை. தாய்ப்பால் மட்டும் அருந்தும் பச்சிளங் குழந்தைக்கு நீருக்குப் பதில் அடிக்கடி பால் கொடுப்பதே முறை. உடம்பெங்கும் வேர்க்குரு கண்டால் சுரப்பியின் வாய் அடைபட்டிருக்கிறது என்று பொருள். அங்கே வியர்வை ஆவியாக வழியில்லை. அப்போது கனத்த துணியும் பிசுக்கான எண்ணெயும் ஆகா. பிழைப்புத் தேடி ஊர் ஊராகச் செல்லும் தொழிலாளர் குடும்பங்களில் தாயும் தந்தையும் வேலை செய்யும் இடத்திலேயே கைக்குழந்தையும் கிடக்கிறது. அங்கே ஒரு கூரை நிழலும் ஒரு குடம் நல்ல நீரும் வைப்பது தருமம் அன்று. உடலியல் கூறும் கடமை.

கிப்ளிங்கின் கதையை முடித்துவிடுவோம். பதினாறு வயதில், 1882-இல், அவர் பம்பாய்க்குத் திரும்பினார். கப்பலைவிட்டு இறங்கி அந்த ஊரின் காட்சிகளுக்கும் மணங்களுக்கும் இடையே நடந்தபோது, தமக்கே பொருள் விளங்காத இந்துஸ்தானி வாக்கியங்கள் தம் வாயில் தாமாக வந்தன என்று அவர் எழுதியிருக்கிறார். கூனோவின் கணக்குப்படி பார்த்தால், சவுத்சீயின் குளிரில் வளர்ந்த நாட்களிலும் அந்தச் சிறுவனின் தோலில் இருந்தவை பம்பாய் வெயிலில் வேலை கற்ற சுரப்பிகளே. நாம் வளர்ந்த முதல் ஊரை மறந்துவிடலாம். உடல் அதை மறப்பதில்லை.